ஐந்து சொல் கேள்வி

அந்தக் கேள்வியை எழுதியவன் நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது கண்டுபிடித்து விரல் நீட்ட, நான் திருதிருவென்று விழிப்பதைவிட இது மேல்.

நல உதவி அலுவலகத்தின் படிவப் பிரிவில் நான் தற்காலிக எழுத்தர். ஜன்னல் இல்லாத அறை, மூன்று மேசைகள், காகிதத்தை விழுங்கிவிட்டு விக்கும் ஓர் அச்சு இயந்திரம். மனிதர்கள் என்று பார்த்தால் மேலாளரம்மாவும் நானும்தான். மூன்றாவது மேசையில் பழைய படிவங்கள் உட்கார்ந்திருந்தன. அந்த ஆண்டு பெரிய சீர்திருத்தம் ஒன்று வந்தது. ஓய்வூதியம், மருத்துவச் செலவு, முடியாதவர்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பும் உதவி ஆகிய மூன்றுக்கும் தனித்தனியாக இருந்த படிவங்களை ஒன்றாக்க வேண்டும். முப்பத்தொரு பக்கம் நான்கு பக்கமாக வேண்டும். மேலே இருந்தவர்கள் அதைக் கொள்கை என்றார்கள். எங்கள் அறைக்கு வந்து சேர்ந்தபோது அது கத்திரிக்கோல் வேலையாக இருந்தது.

பழைய படிவத்தின் பதினேழாம் கேள்வி இது: 'விண்ணப்பதாரர் பிறரது பராமரிப்பின் கீழ் உள்ளவரெனில், அப்பராமரிப்பின் தன்மை, கால அளவு ஆகியவற்றை இணைப்பு ஊ-வில் விவரிக்கவும்.' இணைப்பு ஊ எங்கே இருக்கிறது என்பது அலுவலகத்திலேயே எவருக்கும் தெரியாது. ஆகவே எல்லோரும் அந்த இடத்தைக் காலியாக விட்டார்கள். காலியாக இருந்தால் வீட்டில் பராமரிக்க ஆள் இல்லை என்று பொருள். உதவிக்கு ஆள் போய்க்கொண்டிருந்தது. ஒருவருக்கும் புரியாத கேள்வி இருபது வருடமாக ஒருவருக்கும் கெடுதல் செய்யாமல் கிடந்தது. பிறகு நான் வந்தேன்.

நான் வாரத்தில் ஐந்து நாள் மாலை வகுப்புக்குப் போகிறவன். பாடம்: தெளிவாக எழுதுதல். ஆசிரியைக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். 'தினமும் ஒரு பக்கம் நாட்குறிப்பு. அடைமொழி கூடாது. நடந்ததை எழுது, நேரத்தைப் போடு' என்பது அவருடைய சட்டம். சட்டம் என்று யார் எதைச் சொன்னாலும் கடைப்பிடிப்பது என் பலவீனம். ஜனவரி முதல் தேதியிலிருந்து நான் எத்தனை மணிக்குப் பல் தேய்த்தேன் என்பது உலகத்துக்கு எழுத்தில் கிடைக்கும்.

அந்த வகுப்பு கொடுத்த தைரியத்தில் பதினேழாம் கேள்வியை ஐந்து சொல்லாக்கினேன்: 'உங்களைப் பார்த்துக்கொள்ள வீட்டில் யாராவது இருக்கிறார்களா?' கீழே ஆம், இல்லை என்று இரண்டு பெட்டி. புதுப் படிவத்தில் அது ஆறாம் கேள்வி.

மேலாளரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். "தம்பி, இதுதான்யா கேள்வி. சின்னப் பிள்ளைகூடப் பதில் சொல்லும்."

அலுவலகச் செய்திமடலில் என் படம் வந்தது. கண் மூடியிருந்தேன். அதைப் பத்துப் பிரதி எடுத்துக்கொண்டேன் என்பதையும் நாட்குறிப்பு சொல்கிறது.

நான் தங்கியிருந்தது அத்தையின் வீட்டில். என் அப்பாவின் அக்கா, தனியாள். முப்பது வருடம் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் ஈரப் படுக்கைவிரிப்புகளைத் தூக்கித் தூக்கி, வலது தோளும் இரண்டு முட்டிகளும் ஓய்வூதியத்துக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டன. திங்கள், புதன், வெள்ளி காலையில் நல உதவியிலிருந்து ஓர் அக்கா வந்து குளிக்க வைத்து, தோளுக்குப் பயிற்சி கொடுத்து, காய் நறுக்கி வைத்துவிட்டுப் போவார். அந்த அக்கா வரும் நேரத்தில் நான் அலுவலகத்தில் இருப்பேன். வேலை கிடைத்த புதிதில், அறை கிடைக்கும்வரை ஒரு மாதம் என்று வந்து சேர்ந்தவன் நான். அது நடந்து இரண்டு வருடமாகிறது.

புதுப் படிவம் அத்தைக்கும் தபாலில் வந்தது. பிரசவ அறைக்கு வெளியே நிற்கும் தகப்பனைப்போல் பக்கத்தில் நின்றேன்.

"இதுவா நீ எழுதினது?"

"ஆறாவது கேள்வி, அத்தை."

படித்தாள். பளிச்சென்று டிக் போட்டாள். "நல்லாப் புரியுதுடா மருமகனே. உன் மூளை உங்க அப்பனுக்கு இல்ல."

அன்றைய நாட்குறிப்பு: 'காலை 10.15. கேள்வி 6-ஐ அத்தை புரிந்துகொள்ள எடுத்த நேரம் நான்கு விநாடி. 10.40. படிவத்தை நானே தபால் பெட்டியில் போட்டேன்.' எந்தப் பெட்டியில் டிக் போட்டாள் என்று பார்க்கவில்லை. கேள்வியை எழுதுகிறவன் பதிலைப் பார்க்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லித்தரவில்லை.

ஜூன் கடைசியில் ஒரு காலை, பேருந்து நிறுத்தத்தில் அத்தைக்கு உதவ வரும் அந்த அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அத்தை எப்படி இருக்காங்க தம்பி? குளிக்கறதுக்கெல்லாம் என்ன பண்றாங்க?"

"ஏன்? நீங்கதானே..."

"நான் போறது நின்னு மூணு வாரத்துக்கு மேல ஆச்சே! உங்களுக்குத் தெரியாதா? ஒரே வீட்லதானே இருக்கீங்க?"

கடைசிக் கேள்வி மூன்று சொல். என்னுடையதைவிடச் சுருக்கம்.

அன்று விடுப்புச் சொல்லிவிட்டு வீடு திரும்பினேன். பொத்தான் போட்டு வைக்கும் டப்பாவுக்கு அடியில் கடிதம் இருந்தது. 'வீட்டில் பார்த்துக்கொள்பவர் இருப்பதாகத் தாங்கள் தெரிவித்துள்ளமையால் ஜூன் 3 முதல் உதவி நிறுத்தப்படுகிறது.'

"ஏன் அத்தை ஆம்னு போட்டீங்க?"

"பின்ன? என்னைப் பாத்துக்க நாதி இல்லைன்னு என் கையாலயே டிக் போடச் சொல்றியா? நீ குத்துக்கல்லாட்டம் நிக்கற, நான் இல்லைன்னு போட்டா ஊரு என்னடா சொல்லும்?"

"ஊரு எங்க பாக்கப்போகுது? அது கம்ப்யூட்டர் பாக்கறது."

"கம்ப்யூட்டர் மட்டும் என்ன, அது முன்னாடி மானத்தை விடணுமா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் கேள்வியை எவரும் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. மிகச் சரியாகப் புரிந்துகொண்டார்கள். 'உங்களுக்கென்று யாராவது இருக்கிறார்களா' என்று கேட்டிருக்கிறேன். அதற்கு எந்த மனுஷி இல்லை என்பாள்? அடுத்த நாள் அலுவலகத்தில் எடுத்துப் பார்த்தேன். நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேர் ஆம். சீர்திருத்தம் எதிர்பார்த்ததற்கு மேலாகவே வெற்றி பெற்றிருந்தது.

"இல்லைன்னு மாத்திக்க முடியாதா மேடம்?" என்று மேலாளரம்மாவைக் கேட்டேன்.

"கையெழுத்துப் போட்டு ஆம்னுட்டு, இப்ப இல்லைன்னா ரெண்டுல ஒண்ணு பொய். எது பொய்னு மேல்முறையீட்டுல நிரூபிக்கணும். அங்க 'பார்த்துக்கொள்பவர்' யாருன்னு கேப்பாங்க. அந்த ஆள் பார்த்துக்கறதில்லைன்னு தொண்ணூறு நாளுக்கு ஆதாரம் வேணும்." கண்ணாடியைக் கழற்றினார். "அந்த ஆள் யாருய்யா?"

நான் செய்திமடலில் இருந்த என் படத்தைப் பார்த்தேன். கண் மூடியேதான் இருந்தேன்.

ஆதாரம் எனக்குப் பஞ்சமில்லை. நான் எதற்கும் உதவாதவன் என்பதை ஜனவரி முதல் நாள் தவறாமல், நேரம் போட்டு, அடைமொழி இல்லாமல் எழுதி வைத்திருந்தேன். ஒட்டுத்தாள் வாங்கினேன். அத்தை எனக்குச் செய்ததற்கு மஞ்சள். நான் அத்தைக்குச் செய்ததற்குப் பச்சை. ஒரு ஞாயிறு முழுக்க ஒட்டியதில் மஞ்சள் நூற்றுப் பதினொன்று, பச்சை மூன்று. பச்சையில் ஒன்று, மாத்திரை வாங்கி வந்தது, தப்பான மாத்திரை. இரண்டாவது, தேநீர் போட முயன்றது; பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிய, அத்தை அரை மணி நேரம் துடைத்தாள். மூன்றாவது, அந்தப் படிவத்தைத் தபாலில் போட்டது.

இதில் எனக்கு வருத்தம் வந்ததா, கூச்சம் வந்ததா என்று பிரித்துச் சொல்ல இப்போதும் முடியவில்லை. ஒட்டுத்தாள் நேராக இல்லாத இடங்களைப் பிரித்து மறுபடி ஒட்டினேன் என்பது மட்டும் நிச்சயம். அந்த வாரத்தில் இன்னொரு சீர்திருத்தமும் செய்தேன்: அத்தையிடம் தேநீர் கேட்பதை நிறுத்திக் கடையில் குடித்தேன். அதற்கு ஒரு பச்சை ஒட்டலாமா என்று வெகுநேரம் யோசித்தேன்.

ஜூலை பதினெட்டு, மேல்முறையீடு. சின்ன அறை, நீள மேசை. மேசைக்கு அந்தப் பக்கம் சளி பிடித்த தலைவர், அவர் பக்கத்தில் ஒரு பெண் மருத்துவர். இந்தப் பக்கம் இஸ்திரி போட்ட புடவையில் அத்தை, இஸ்திரி போட்ட சட்டையில் நான். இரண்டையும் இஸ்திரி போட்டது யார் என்று கேட்கமாட்டார்கள் என நம்பினேன்.

தலைவர் மூக்கை உறிஞ்சினார். "அம்மா, வீட்ல உங்களைப் பாத்துக்க யாரும் இல்லைன்னு இப்ப சொல்றீங்க. சரிதானே?"

"யாரு சொன்னது?" என்றாள் அத்தை. "இதோ இருக்கானே, என் தம்பி மகன். தங்கமாப் பாத்துக்கறான்."

நான் மேசைக்கு அடியில் அவள் கையைத் தொட்டேன். தட்டிவிட்டாள். மூன்று நாள் ஒத்திகை பார்த்திருந்தோம்.

"எப்படிம்மா பாத்துக்கறார்?"

"தினம் சாயங்காலம் என்னைப் பாத்துட்டுத்தான் சார் கிளாசுக்குப் போவான்."

"பாக்கறது வேற, பாத்துக்கறது வேறம்மா."

"பாக்காதவன் எப்படிப் பாத்துக்குவான்?"

தலைவர் கைக்குட்டையைத் தேடினார். நான் எழுந்தேன். "சார், அத்தை என்னை விட்டுக்கொடுக்க மாட்டாங்க. நானே என்னை விட்டுக்கொடுக்கறேன். அனுமதி கொடுங்க."

வாசிக்கத் தொடங்கினேன். 'பிப்ரவரி 9. மாலை 5.15. சட்டைப் பொத்தான் அறுந்தது. அத்தை தைத்தாள். மார்ச் 2. காலை 7.05. ஒரு காலுறையைக் காணவில்லை. அத்தை தேடிக் கொடுத்தாள். மார்ச் 3. காலை 7.05. மற்ற காலுறையைக் காணவில்லை.'

"அது சின்ன விஷயம் சார்," என்றாள் அத்தை. "இவனுக்குத் தேடத் தெரியாது. கண்ணு முன்னாடி இருந்தாலும் மேல பாப்பான்."

'ஏப்ரல் 20. எனக்கு ஜலதோஷம். அத்தை மூன்று முறை கஞ்சி வைத்தாள். ஏப்ரல் 24. அத்தைக்கு ஜலதோஷம். நான் வகுப்புக்குப் போனேன்.'

"தொத்திக்கக் கூடாதுன்னு நான்தான் போகச் சொன்னேன்!"

ஒவ்வொரு மஞ்சளுக்கும் அவளிடம் ஒரு வக்காலத்து இருந்தது. இருபதாவது மஞ்சளில் மருத்துவர் கையை உயர்த்தினார். அப்பாடா, என் லட்சணம் புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"ஒரு சந்தேகம். இவங்க தைக்கறாங்க, கஞ்சி வைக்கறாங்க, இஸ்திரி போடறாங்க. இவ்வளவும் செய்யறவங்களுக்கு உதவிக்கு ஆள் எதுக்கு?"

தலைவர் எதையோ குறித்துக்கொண்டார். என் சோம்பேறித்தனத்தை நிரூபிக்கப் போய் அத்தையின் ஆரோக்கியத்தை நிரூபித்துக்கொண்டிருந்தேன். அதுவும் நூற்றுப் பதினொரு ஆதாரத்தோடு. அத்தையின் முகம் மட்டும் பெருமையில் பூரித்திருந்தது.

மருத்துவர் நோட்டை வாங்கிப் புரட்டினார். ஓரத்தில் விரலை வைத்தார். "இது என்ன, ரெண்டு ரெண்டா நேரம்? 5.20, 5.31?"

"டீ கேட்ட நேரம், டீ வந்த நேரம்."

"அதை எதுக்குங்க எழுதி வச்சீங்க?"

"வகுப்புக்கு லேட்டானா காரணம் காட்டலாம்னு..."

அந்த அறையில் என்னை யாரும் பார்க்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. மருத்துவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "பதினொண்ணு. பன்னிரண்டு. பதினொண்ணு. மே முழுக்கப் பன்னிரண்டைத் தாண்டல. அப்புறம் பத்தொம்பது... முப்பது... நாப்பத்தெட்டு. ஜூன் மூணாம் தேதி என்ன நடந்துச்சு?"

"அன்னிக்குத்தான் உதவி நின்னுச்சு," என்றேன். எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அந்த எண்களை எழுதிய கை என்னுடையது.

"ஜூன் இருபத்தாறு. அந்த நாப்பத்தெட்டு நிமிஷத்துக்குப் பக்கத்துல இருக்கறதை வாசிங்க."

வாசித்தேன். வாசிக்காமல் இருக்க ஒரு வழி இருந்திருந்தால் அதைத் தேர்ந்தெடுத்திருப்பேன். 'தேநீர் மறுபடியும் தாமதம். சர்க்கரையும் குறைவு. அத்தை தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம்.'

மருத்துவர் நோட்டை மூடினார். என்னை விட்டுவிட்டு அத்தையைக் கேட்டார். "அந்த நாப்பத்தெட்டு நிமிஷம் என்னம்மா பண்ணுனீங்க?"

"டீ போட்டேன்."

"எப்படிப் போட்டீங்க?"

அத்தை புடவை நுனியைச் சரிசெய்தாள். முதல்முறையாக என் பக்கம் பார்க்காமல் பேசினாள். "காலைல தனியாக் குளிச்சு முடிக்கறதுக்குள்ளேயே தெம்பு தீந்துடுதும்மா. சாயங்காலம் இந்தக் கை ஏறாது. பாத்திரத்துல தண்ணி பிடிச்சா தூக்க முடியாது. அதனால டம்ளர்ல கொஞ்சம் கொஞ்சமாக் கொண்டுபோய் ஊத்துவேன். நடுவுல ஸ்டூல்ல உக்காந்துக்குவேன். சர்க்கரை டப்பா மேல் தட்டுல இருக்கு. எட்டினவரைக்கும் எடுத்துப் போட்டேன்." பிறகு சட்டென்று நிமிர்ந்தாள். "அதுக்காக இவனைக் குத்தம் சொல்லாதீங்க. சொல்லியிருந்தா செஞ்சிருப்பான். நான்தான் சொல்லல."

டப்பாவை மேல் தட்டில் வைத்தவன் நான். எறும்பு வருகிறது என்று. மார்ச் 14, இரவு 8.50. நோட்டில் இருக்கிறது.

பத்து நாளில் முடிவு வந்தது. உதவி மூன்று காலையும் திரும்பக் கிடைத்தது. 'காரணம்: உறவினர் உடன் வசிக்கிறார், பார்த்துக்கொள்ளவில்லை.' அத்தை அதைப் படித்துவிட்டுப் பொத்தான் டப்பாவுக்கு அடியில் வைத்தாள். பக்கத்து வீட்டு அம்மாளிடம், "என் மருமகன் ஆபீஸ்ல சொல்லி வாங்கிக் குடுத்தான். இந்தக் காலத்துல யாரு இப்படிப் பாத்துக்கறாங்க?" என்று அவள் சொன்னது சுவர் வழியாகக் கேட்டது.

அந்த நாட்குறிப்பின் நகலை மருத்துவர் எங்கள் அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தார். மேலாளரம்மா அதைப் படித்தார். எவ்வளவு படித்தார் என்று கேட்க எனக்குத் துணிவில்லை. மேலே இரண்டு கூட்டம் நடந்தது. ஆம் போட்ட எல்லோருக்கும் உதவியைத் தற்காலிகமாகத் திருப்பிக் கொடுத்து, ஆறாம் கேள்வியை மட்டும் திரும்ப அனுப்புவதென்று முடிவானது. "நீயே எழுது," என்றார் மேலாளரம்மா. "இந்தத் தடவை பதிலையும் பாரு."

எட்டு வரைவு எழுதினேன். எட்டாவதை ஞாயிற்றுக்கிழமை அத்தையிடம் கொடுத்தேன்: 'கடந்த ஏழு நாளில் குளிக்க, உடுத்த, சமைக்க, நடக்க உங்களுக்குக் கை கொடுத்தது யார்? எந்தெந்தக் கிழமை?' கீழே கிழமைக்கு ஒன்றாக ஏழு பெட்டி. சொற்கள் பதின்மூன்று. செய்திமடலுக்கு உதவாது.

அத்தை கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெட்டியாகத் தொட்டுப் பார்த்தாள். "திங்கள், புதன், வெள்ளி அந்தப் பொண்ணு. மிச்சம் நாலு?"

நான் கூரையைப் பார்த்தேன்.

"இதுல பொய் சொல்ல இடமே இல்லையேடா."

"அதுக்குத்தான் அத்தை."

"முன்னது நல்லா இருந்துச்சு. மரியாதையா இருந்துச்சு." பென்சிலால் ஞாயிற்றுக்கிழமைப் பெட்டியைத் தட்டினாள். "இன்னிக்கு ஞாயிறுதானே? இது காலியாக் கெடக்கறது எனக்குப் பிடிக்கல. போ, ஒரு டீ போட்டுக் கொண்டா. ஒரு டிக்குக்கெல்லாம் ஆளை நிறுத்திடுவாங்களா?"

"வீட்டு ஆளு பேருல அஞ்சு டிக்குக்கு மேல போனாத்தான்."

"உன்னால அஞ்சைத் தாண்டிட முடியுமா? போடா பேசாம."

போனேன். தேயிலை டப்பா எங்கே என்று மேலே எல்லாம் தேடினேன். கண்ணுக்கு நேரே இருந்தது. ஒருமுறை பால் பொங்கியது. நானே துடைத்தேன். மறுபடி பால் வைத்தேன். சர்க்கரை டப்பாவைக் கீழ்த் தட்டுக்கு மாற்றினேன், அதில் எறும்பு இருந்தது, பொறுக்கினேன். வடிகட்டியைப் பார்த்ததும்தான் வடிகட்ட வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது.

தேநீரோடு நான் வந்தபோது என் நாட்குறிப்பு அத்தை மடியில் திறந்திருந்தது. இடது கையில் பென்சில். ஒரு வாய் குடித்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். சலவைக்கூடத்தில் விரிப்புகளை எண்ணிக் குறித்த எழுத்தில், ஓரத்தில் நிதானமாக எழுதினாள். குனிந்து படித்தேன்.

'கேட்டது 4.20. வந்தது 5.03. தேநீர் தாமதம். சர்க்கரையும் குறைவு. மருமகன் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம்.'

பிறகு படிவத்தை இழுத்து ஞாயிற்றுக்கிழமையில் டிக் போட்டாள்.